மூன்றாவது கோப்பை கண்மாய்க்குள் கிடக்கிறது



வெடி செய்கிற ஊருக்கு வெடி வெடிக்க ஒரு காரணம் கிடைத்தால் போதும். 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து ஆண்டுகளில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ஐ.பி.எல். கோப்பையைத் தூக்கியது. திருத்தங்கல்லிலிருந்து சாத்தூர் வரை வெடிச்சத்தம் கேட்டது. பகலெல்லாம் திரி வைத்த கை, இரவில் தன் கூலிக்காசில் வாங்கிய சரத்தைக் கொளுத்தி மகிழ்ந்தது. அதே அணி 2025ஆம் ஆண்டு பத்து அணிகளில் பத்தாவதாக வந்து நின்றபோது, தேநீர்க் கடைகளில் இழவு வீட்டு அமைதி! "அடுத்த கோப்பை எப்போது அண்ணாச்சி?" என்று கேட்காத வாய் இல்லை.

கேட்கட்டும். நாளெல்லாம் குனிந்து உழைத்தவன், பொழுது சாய்ந்தபின் சற்றே நிமிர்ந்து கைதட்டினால், அதைக் குற்றம் என்று சொல்ல நாம் யார்? ஆனால் கைதட்டுகிற தோழனிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. தம்பி, அந்த அணி யாருடையது?

2023 மே மாதக் கடைசியில் அகமதாபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். சென்னை என்ற பெயரைத் தாங்கி ஆட வந்தவர்களில் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. மராட்டியர் இருந்தார், ஆந்திரர் இருந்தார், நியூசிலாந்துக்காரர் இருந்தார், இங்கிலாந்துக்காரர் இருந்தார், இலங்கையர் இருவர் இருந்தனர். தமிழ்ப்பிள்ளை எங்கே இருந்தார் தெரியுமா? எதிர் அணியில்! குசராத் அணிக்காக 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் குவித்து, சிவகாசியின் நெஞ்சைப் பதறவைத்த சாய் சுதர்சன் சென்னைப் பிள்ளை.

இதில் வியப்பு என்ன? விருதுநகர்ச் சந்தைக்கு வரும் மிளகாய் வற்றலை, எந்த ஊர்க் காட்டில் விளைந்தது என்று பார்த்தா விலை பேசுகிறார்கள்? நிறத்தைப் பார்க்கிறார்கள், காரத்தைப் பார்க்கிறார்கள், எடை போடுகிறார்கள். ஐ.பி.எல். ஏலமும் அதே கணக்குத்தான். அந்த அணிக்கு அடுத்த கோப்பை வருமா வராதா என்பது முதலாளிகளின் பணப்பையும் ஏலக்கூடத்துச் சாமர்த்தியமும் தீர்மானிக்கிற காரியம். நீயும் நானும் செய்வதற்கு அதில் ஒன்றுமில்லை, கைதட்டுவதைத் தவிர.

நாம் கைவைக்கக்கூடிய கோப்பை வேறொன்று இருக்கிறது. ஏலம் இல்லாத கோப்பை. ஊர்ப் பெயரும் நாட்டுப் பெயரும் வாடகைக்கு விடப்படாத கோப்பை. அதன் பெயர் ரஞ்சிக் கோப்பை. அதில் ஆடுகிற அணியின் பெயர் தமிழ்நாடு.

தமிழ்நாடு! அந்தப் பெயருக்கு விலை கொடுத்த ஊர் எது? 1956ஆம் ஆண்டு, சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டு என்பது உள்ளிட்ட கோரிக்கைகளை வைத்து, எழுபத்தாறு நாள் உண்ணாநோன்பிருந்து உயிரை விட்டாரே தியாகி சங்கரலிங்கனார், அவர் எந்த ஊர்? விருதுநகர்! 1969 சனவரியில் அந்தப் பெயர் சட்டப்படி வந்தது. மாநிலத்துக்கு வந்தது, பிறகு மாநிலத்தின் மட்டைப்பந்து அணிக்கும் வந்தது. ஆட்டக்காரர்களின் சட்டையில் இன்று இருக்கிற அந்தப் பெயர், நம் மாவட்டத்துக் கிழவர் ஒருவரின் உயிர். அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ள நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு வழி எது என்பதே நம் கேள்வி. வழி இருந்தால் கோப்பையும் வரும் என்பது நம் வாதம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தின் முதல் ஆட்டமே நம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. 1934 நவம்பர் 4ஆம் நாள், சென்னைக்கும் மைசூருக்கும். ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது! ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆனால் கோப்பை வர இருபது ஆண்டுகள் ஆயின. 1955ல் இந்தூரில் ஓல்கார் அணியை அதன் சொந்தக் களத்திலேயே வீழ்த்தி, பாலு அளகண்ணன் தலைமையில் சென்னை மாநில அணி முதல் முறையாக வென்றது. அந்த வெற்றியில் பெரும்பங்கு கிருபால் சிங்குக்கு. முதல் ஆட்டத்தில் பந்து வீசிய ராம்சிங்கின் மகன் அவர். அமிர்தசரசு மண்ணிலிருந்து வந்து சென்னையில் வேரூன்றிய குடும்பம். வெளியூர்க்காரர் என்று நாம் எவரையும் விரட்டுபவர்கள் அல்லர் என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறோம். வந்து வாழ்ந்து நம்மோடு ஆடுகிறவர் நம்மவரே. ஏலத்தில் வந்து ஏலத்தில் போகிறவர் கதை வேறு.

இரண்டாவது கோப்பை 1988ல் வந்தது. வாசுதேவன் தலைமை, சேப்பாக்கத்தில் இரயில்வே அணிக்கு இன்னிங்சுத் தோல்வி. அவ்வளவுதான் நம் வெற்றிக் கணக்கு.

தோல்விக் கணக்குத்தான் நீளம். இறுதி ஆட்டம் வரை போய்க் கோப்பையைப் பறிகொடுத்தது பத்து முறை! அவற்றுள் 1973ஆம் ஆண்டுத் தோல்வியைப் போல் வயிற்றெரிச்சல் தரும் தோல்வி வேறில்லை. சேப்பாக்கத்தில் சுழல் பந்துக்கு ஏற்ற களம். நம்மிடம் வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் இருந்தார்கள். பம்பாயை 151க்கும் 113க்கும் சுருட்டினார்கள். வெற்றி வந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில், நம்மவர்கள் 80க்கும் 61க்கும் சுருண்டார்கள்! பம்பாயின் சிவால்கர் முதல் முறை 16 ஓட்டங்களுக்கு எட்டு, அடுத்த முறை 18 ஓட்டங்களுக்கு ஐந்து. மூன்றாம் நாளின் முதல் பந்தோடு ஆட்டம் முடிந்தது. எதிரிக்கு வெட்டிய குழி என்பார்களே, அது அன்று சேப்பாக்கத்து ஆடுகளம்.

அதற்குப்பின் 1992ல் தில்லி, 1996ல் கர்நாடகம், 2003லும் 2004லும் மும்பை, 2012ல் இராசத்தான், 2015ல் மீண்டும் கர்நாடகம். கடைசியாகச் சொன்ன ஆட்டத்தில் கருண் நாயர் ஒருவரே 328 அடித்தார். நம் அணி முழுவதும் முதல் இன்னிங்சில் 134. 1988 போய் 2025ஆம் ஆண்டும் முடிந்தது, மூன்றாவது கோப்பை வரவில்லை.

"நம் ஆட்களுக்கு ஆடத் தெரியவில்லை" என்று சொல்லி முடித்துவிட முடியுமா? முடியாது. சில மணி நேரத்தில் முடிகிற ஆட்டங்களில் தமிழ்நாடு எவருக்கும் சளைத்ததில்லை. விசய் அசாரே கோப்பை ஐந்து முறை வந்தது. சையது முஷ்டாக் அலி கோப்பை 2021ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு முறை, சனவரியில் ஒன்றும் நவம்பரில் ஒன்றும், வந்தது. நவம்பர் ஆட்டத்தில் கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டங்கள் வேண்டும். சாருக்கான் ஆறு அடித்தார்! அந்தத் துணிவு உள்ளவர்கள் நான்கு நாள், ஐந்து நாள் ஆட்டம் என்றால் ஏன் ஒடிகிறார்கள்?

2024 மார்ச்சில் மும்பையில் நடந்த அரையிறுதி இதற்கு விடை சொல்லும். அந்தப் பருவம் முழுவதும் அணியைத் தோளில் சுமந்தவர் தலைவர் சாய் கிசோர். சுழல் பந்தால் 53 விக்கெட்டுகள். அரையிறுதியிலும் மும்பையை 106க்கு ஏழு என்று மண்டியிட வைத்தார்கள். மீதி மூன்று விக்கெட்டுகளை ஓங்கி அடித்துச் சாய்க்க ஒரு வேகக்காரன் இருந்தானா? இல்லை. சர்துல் தாக்கூர் வந்தார், நூறைத் தாண்டினார், மும்பை 378க்குப் போய்விட்டது. நம்மவர்களோ மும்பையின் வேகப்பந்துக்கு முன்னே முதல் இன்னிங்சில் 146, இரண்டாவதில் 162. இன்னிங்சுத் தோல்வி. "முதலில் மட்டை பிடித்தது தவறு" என்று பயிற்சியாளர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். நாணயம் சுண்டியதில் வந்த வினை அல்ல ஐயா அது! அணியில் வேகப்பந்துப் பஞ்சம். கேரளத்திலிருந்து வந்த சந்தீப் வாரியரை நம்பி வேகப்பந்து வீச்சை நடத்திக்கொண்டிருந்தோம்.

மட்டையாளர்களுக்குக் குறைவில்லை. சாய் சுதர்சன் 2025ல் இந்திய அணிக்காக டெஸ்ட் ஆட்டம் ஆடத் தொடங்கினார். இந்திரசித், செகதீசன், பிரதோசு ரஞ்சன் பால் என்று வரிசை இருக்கிறது. சுழல் பந்து நம் பரம்பரைச் சொத்து. இல்லாதது ஒன்றே. காய்ந்த களத்தில், மூன்றாம் நாள் வெயிலில், பழைய பந்தோடு இருபது ஓவர் வேகமாக வீசி, எதிரியின் கடைசி மூன்று விக்கெட்டுகளைப் பிடுங்குகிற ஆள்.

அந்த ஆள் எங்கே பிறக்கிறான் என்று இந்தியாவின் கதையைப் புரட்டிப் பாருங்கள். சிராசு, ஐதராபாத்தில் ஆட்டோ ஓட்டியவர் மகன். முனாப் பட்டேல், குசராத்தின் இக்கர் கிராமத்தில் ஓட்டுத் தொழிற்சாலைக் கூலி. உமேசு யாதவ், நாகபுரி பக்கத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். நம் நடராசன், சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் அன்றாடக் கூலிக்கு உழைத்தவர் மகன். தாய் சாலையோரத்தில் கடை போட்டவர். மாடிவீட்டுப் பிள்ளை மட்டை பிடிக்கப் போகிறது. மட்டைக்கும் காலுறைக்கும் கையுறைக்கும் பணம் வேண்டுமல்லவா? ஏழை வீட்டுப் பிள்ளையிடம் இருப்பது தோளும் காலும் மூச்சும்தான். அவன் வேகப்பந்து வீசுகிறான்.

உமேசு யாதவையும் நடராசனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் நோய் புலப்படும். இருவருமே ஏறத்தாழ இருபது வயது வரை டென்னிசுப் பந்தில் மட்டுமே ஆடியவர்கள். தோல் பந்தைத் தொட்டதில்லை. உமேசு வேறெதற்கோ முயன்றவர்; காவல் துறையில் கான்ஸ்டபிள் வேலை கேட்டுப் போய்க் கிடைக்காதவர். அந்தச் சுரங்கத் தொழிலாளியின் மகனை விதர்பா அணி பிடித்துக்கொண்டது. 2019 அரையிறுதியில் கேரளத்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பன்னிரண்டு விக்கெட்டுகள். இரண்டே நாளில் கதை முடிந்தது. விதர்பா கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. ஒரு காலத்தில் எவரும் ஏறெடுத்துப் பார்க்காத அணி அது. 2018, 2019, 2025 என்று மூன்று முறை வென்றுவிட்டது! நாம் தொண்ணூறு ஆண்டுகளில் இரண்டு. அவர்கள் எட்டு ஆண்டுகளுக்குள் மூன்று. 2025ல் நம்மைக் காலிறுதியில் 198 ஓட்டங்களில் தோற்கடித்துவிட்டுத்தான் அந்த மூன்றாவது கோப்பைக்குப் போனார்கள்.

நடராசன் கதை என்ன? ஊரில் தோல் பந்து இல்லை, களம் இல்லை, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஊர் அண்ணன் ஒருவரின் துணையால் சென்னைக்கு வந்து, நான்காம் பிரிவு லீக்கில் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறி, 2015 சனவரியில் ரஞ்சி ஆட்டம் ஆடினார். ஆடியவுடனே, பந்து வீசும்போது கை மடங்குகிறது என்று புகார்! பதினைந்து வயதில் ஒருவர் பக்கத்தில் நின்று திருத்தியிருந்தால் வராத குறை. அதைச் சரிசெய்வதற்குள் பொன்னான காலம் போயிற்று. அப்படியிருந்தும், 2020-21ல் ஆத்திரேலியாவுக்குப் போய், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்திய அணிக்காக முதன்முதலாகக் களமிறங்கிய முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றார். ஐந்தாறு ஆண்டு முன்னதாக அந்தத் தோள் தமிழ்நாட்டுக்குக் கிடைத்திருந்தால்? 2015ல் கருண் நாயர் 328 அடித்திருப்பாரா? நடந்ததை மாற்ற முடியாது; ஆனாலும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சின்னப்பம்பட்டியில் ஒருவர் தப்பி வந்தார். வெம்பக்கோட்டையில், ஆமத்தூரில், ஆலங்குளத்தில், அருப்புக்கோட்டைத் தறிப்பேட்டையில் வராமலே போனவர்கள் எத்தனை பேர்? கண்மாய் வற்றினால் போதும், நம் பிள்ளைகளுக்குக் களம் கிடைத்துவிடும். ஒரு பக்கம் வேலிக்கருவை, ஒரு பக்கம் மடை. கல்லை அடுக்கி விக்கெட். ஞாயிற்றுக்கிழமை தோறும் பட்டாசு ஆலைப் பையனும், தீப்பெட்டி ஆபீசுப் பையனும், அச்சகத்துப் பையனும் அங்கே வீசுகிற பந்தைச் சேப்பாக்கத்தார் ஒருவர் வந்து பார்த்தால் போதும். வரமாட்டார். சேப்பாக்கம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

பழைய செய்தி ஒன்று. வெள்ளையர் ஆண்ட காலத்தில் சேப்பாக்கத்து மண்டபத்துக்குள் இந்திய ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. மரத்தடியில் உட்கார்ந்து பகலுணவு உண்டார்கள். அந்த அவமானம் பொறுக்காமல் புச்சி பாபு நாயுடு 1888ல் இந்தியருக்கென்று சென்னையில் சங்கம் கண்டார். அவர் பெயரால் இன்றும் பந்தயம் நடக்கிறது. நல்லது. ஆனால் இன்று மரத்தடியில் உட்கார்ந்திருப்பது யார்? வாயிலில் காவலாள் இல்லை, தடை எழுதிய பலகை இல்லை. பொதிகை வண்டிக் கட்டணமும், சென்னையில் அறை வாடகையும், தோல் பந்தின் விலையும், ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் போகிற கூலியும், அவையே காவலாளாக நிற்கின்றன. பெரிய கம்பெனிகளின் பெயரால் நடக்கும் சென்னைச் சங்கங்கள்தாம் இன்னும் மாநில அணிக்கு ஏணி. 2016ல் தமிழ்நாடு பிரிமியர் லீக் என்று எட்டு அணிகளைக் கூட்டினார்கள். மதுரை 2018ல் வென்றது, திண்டுக்கல் 2024ல், திருப்பூர் 2025ல். மாவட்டத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அது இருபது ஓவர் ஆட்டம். நான்கு ஓவர் வீசிவிட்டு நிழலுக்குப் போகிறவனை அது வளர்க்கும். இருபது ஓவர் வீசுகிறவனை அது வளர்க்காது. விருதுநகர் பெயரில் அணியும் இல்லை.

"கூலி உயர்வும் ஆலைப் பாதுகாப்பும் கேட்கிற இயக்கத்துக்கு இந்த விளையாட்டுப் பேச்சு எதற்கு?" என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். முதலிப்பட்டியை நாம் மறந்தவர்கள் அல்லர். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் ஒரே பகலில் நாற்பதை ஒட்டிய உயிர்கள் அங்கே கருகின. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். ஒரு பையன் பந்து வீசப் போவதால் மருந்து அறை பத்திரமாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் போராட்டம் தனி, அது நிற்காது. ஆனால் ஒரு கணக்கைக் கேளுங்கள். 2021ல் இந்திய கிரிக்கெட் வாரியம் அறிவித்த திட்டப்படி, ரஞ்சி ஆட்டத்தில் களமிறங்குகிற புதிய ஆட்டக்காரருக்கு ஒரு நாள் ஊதியம் 40,000 ரூபாய். நாற்பது ஆட்டத்துக்கு மேல் ஆடியவருக்கு 60,000. ஒரு நாளுக்கு! பொட்டலக் கணக்கில் கூலி வாங்குகிற வீட்டில் அந்தத் தொகையை உரக்கப் படித்துக் காட்டுங்கள். இது பொழுதுபோக்கா, தொழிலா என்று அந்த வீட்டுத் தாய் சொல்வார். மாநில அணி ஒரு வேலைவாய்ப்பு, தோழர்களே. அந்த வேலைக்கு விண்ணப்பப் படிவமே நம் மாவட்டத்துக்கு வந்து சேராமல் இருப்பதுதான் நம் புகார்.

விருதுநகர் தந்த முதலமைச்சர் காமராசர், 1954ல் பதவி ஏற்றவர். கட்சி வேறாயிருக்கலாம், செய்ததைச் சொல்லாமல் விடலாமா? படிக்க வேண்டுமானால் பட்டணத்துக்கு வா என்று அவர் ஏழைப் பிள்ளையிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் கிராமத்துக்கு வந்தது. பின்னாலேயே பகலுணவும் வந்தது. அதன்பிறகுதான் பிள்ளை வந்தது, படிப்பு வந்தது. மட்டைப்பந்துக்கு மட்டும் ஏன் தலைகீழ்ச் சட்டம்? பிள்ளை முதலில் சென்னைக்குப் போக வேண்டுமாம், களமும் பந்தும் ஆசிரியரும் பிறகு கிடைக்குமாம்!

மாநிலக் கிரிக்கெட் சங்கத்திடம் நாம் கேட்பது பெரிதல்ல. மாவட்டத்தில் புல் போர்த்திய நல்ல ஆடுகளங்கள், விருதுநகர்ப் பக்கம் ஒன்றும் சிவகாசிப் பக்கம் ஒன்றும். பதினான்கு வயதிலிருந்து வேகப்பந்துக்கென்றே ஓர் ஆசிரியர். இரண்டு நாள், மூன்று நாள் ஆடுகிற மாவட்டப் போட்டிகள். தேர்வுக்கு அழைத்தால் பயணச் செலவும், அன்றைய கூலி இழப்பும். தேர்வாளர்கள் ஆண்டுக்கொருமுறை பொதிகை வண்டியில் இந்தப் பக்கம் வந்து போகட்டும். வெயில் கொஞ்சம் கடுமைதான், பொறுத்துக்கொள்வார்கள். இதைச் செய்தால் நாளைக்கே கோப்பை வராது. ஆறேழு ஆண்டு ஆகும். செய்யாவிட்டால், 2015ஐயும் 2024ஐயும் இன்னும் பல முறை பார்ப்போம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

சங்கத்தைக் கேட்டுவிட்டு நம் தோழர்களை விட்டுவிடலாமா? தலைவர் பிறந்தநாள் என்றால் நம் கிளைகள் நடத்தாத மட்டைப்பந்துப் போட்டி உண்டா? ஆளுயரக் கோப்பை, அதைவிட உயரமாகப் பதாகை, அதில் பந்து வீசுகிறவன் படம் தவிர மற்ற எல்லார் படமும்! ஆடுவதோ ஆறு ஓவர், எட்டு ஓவர், டென்னிசுப் பந்து. பதாகைச் செலவில் பாதியைக் குறைத்தால் ஒரு கயிற்றுப் பாய் விரிப்பும் ஒரு பெட்டி தோல் பந்தும் வாங்கலாம். படிப்பகத்தின் மூலையில் அவை இருக்கட்டும். காலையில் நாளிதழ் படிக்க வருகிற பையன் மாலையில் பந்தை எடுத்துப் போகட்டும். மாதம் ஒரு ஞாயிறு முழுநாள் ஆட்டம்; ஆளுக்குப் பதினைந்து ஓவர் வீச வேண்டும் என்று விதி வையுங்கள். பந்து தொலைந்தால் திட்டாதீர்கள்; கருவைக்குள் இறங்கித் தேடச் சொல்லுங்கள்.

அடுத்த பிறந்தநாள் போட்டிக்கு நோட்டீசு அடிக்கும்போது "தோல் பந்து ஆட்டம்" என்று ஒரு வரி சேர்த்து அடியுங்கள். அச்சகத்துக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.